ஸ்பெஷல்: சிறப்பா, தனியா?

தருமபுரிப் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், 'ஸ்பெஷல்' என்ற ஆங்கிலச் சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்பெஷல் டீ என்றால் பால் கெட்டி. ஸ்பெஷல் தோசை என்றால் நெய் கொஞ்சம் தாராளம். ஆடிப்பெருக்கு வந்தால் ஒகேனக்கல்லுக்கு ஸ்பெஷல் பஸ். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ். கோயிலில் காசு கட்டினால் ஸ்பெஷல் தரிசனம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "என்ன ஸ்பெஷல்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தச் சொல் தெரியும். அகராதி தேவைப்படாத ஆங்கிலம் இது.

நாங்கள் சில பேர் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கத்து ஊர்களில் களப்பணி செய்கிறோம். பெரும்பாலோர் காலனியில் பிறந்து வளர்ந்தவர்கள். மனு எழுதுவது, வழக்குக்கு உடன் போவது, பட்டாவுக்கு அலைவது, மாணவர்களோடு உட்கார்ந்து சட்டம் படிப்பது ஆகியவைதான் அன்றாட வேலை. அந்த வேலைக்குள் இந்தச் சொல் வேறொரு முகத்தோடு எங்களிடம் வருகிறது. ஸ்பெஷல் தாசில்தார், ஸ்பெஷல் கோர்ட், ஸ்பெஷல் பி.பி., ஸ்பெஷல் ஆபீசர். இவற்றைத் தமிழில் எழுதும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் படும். அரசுத் தமிழ் இந்த ஒரு ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று 'சிறப்பு'. இன்னொன்று 'தனி'.

விழா மேடைக்கு வருபவர் சிறப்பு விருந்தினர். திருவிழாவுக்கு ஓடுவது சிறப்புப் பேருந்து. கோயிலில் சிறப்பு தரிசனம். ஆனால், நமக்கு வீட்டுமனை நிலம் எடுத்துத் தரும் அதிகாரி தனி வட்டாட்சியர், ஆதிதிராவிடர் நலம். நம்மவர் மட்டும் போட்டியிடக்கூடிய தொகுதி தனித் தொகுதி. அந்த அலுவலகத்துக்கு எங்களோடு வந்த ஒரு பாட்டி பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, மத்த தாசில்தாரெல்லாம் ஒண்ணா உக்காந்துக்கினு இவர மட்டும் தனியா உக்கார வச்சிட்டாங்களா?" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் கேள்வி சரியான இடத்தில்தான் குத்தியது.

இதை ஒரு பெரிய சதி என்று சொல்ல வரவில்லை. குற்றவாளியைத் தேடக் காவல்துறை அமைப்பதும் தனிப்படைதான். தேர்தல் நடக்காத ஊராட்சியை நிர்வகிப்பவரும் தனி அலுவலர்தான். அவற்றில் சாதி இல்லை. வன்கொடுமை வழக்குக்கான நீதிமன்றத்தைச் சிறப்பு நீதிமன்றம் என்றுதான் எழுதுகிறார்கள். ஆகவே மொழிபெயர்த்தவர் மனதில் என்ன இருந்தது என்று ஆராய வேண்டாம். அந்தச் சொல் வந்து விழும் மண் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. தனி டம்ளர், தனிச் சுடுகாடு, தனித் தெரு, தனிக் குழாய் என்று ஏற்கெனவே பழகிய ஊரில், 'தனி' என்று ஒரு பலகை மாட்டினால் அது வெறும் நிர்வாகச் சொல்லாக நிற்காது.

கடையில் ஸ்பெஷலுக்கு ஒரு ஜோடி உண்டு: சாதா. சாதா தோசை இருந்தால்தான் ஸ்பெஷல் தோசைக்கு அர்த்தம். அதுபோல சமூகத்தில் ஒருவரை ஸ்பெஷல் என்று சொல்லும்போது, சொல்லாமல் விட்ட சாதா யார் என்று கேட்க வேண்டும். அரசு ஆவணத்தில் அதற்குப் பெயர் பொது. பொதுப்பிரிவு, பொதுத் தொகுதி. பொது என்றால் எல்லாருக்கும் உரியது என்பது அகராதிப் பொருள். ஊர் நடைமுறையில் பொதுக்கிணறு என்பது ஊர்த்தெருக் கிணறு. பொதுப்பாதை என்பது நம் பிணம் போகக்கூடாத பாதை. பெரும்பாலான பொதுத் தொகுதிகளில் கட்சிகள் நம்மவரை வேட்பாளராக யோசிப்பதே இல்லை. சட்டப்படி நிற்கலாம், ஆனால் சீட்டு கிடைக்காது. தலித் எழில்மலை 2001 இடைத்தேர்தலில் திருச்சிராப்பள்ளி என்ற பொதுத் தொகுதியில் வென்றதை இன்றும் ஒரு அதிசயம்போல எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொது என்பது பொதுவாக இருந்திருந்தால் ஸ்பெஷலுக்கே வேலை இருந்திருக்காது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'ஸ்பீசிஸ்'. உயிரியல் பாடத்தில் வரும் அதே சொல். பொருள்: வகை, இனம். ஆக 'ஸ்பெஷல்' என்றால் முதலில் 'ஒரு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த' என்பது மட்டும்தான். மேல், கீழ் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நம் இலக்கணத்தில் 'சாதி ஒருமை' என்று படித்திருப்பீர்கள். அங்கேயும் சாதி என்றால் வகைதான். வகை என்ற அளவில் நிற்க வேண்டிய சொல்லை உயர்வு தாழ்வாக மாற்றியது மனிதர்கள் செய்த வேலை. இங்கே சாதிக்கு நடந்தது, அங்கே ஸ்பெஷலுக்குச் சின்ன அளவில் நடந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இன்று மாற்றுத்திறனாளி இயக்கத்தவர் பலர் 'ஸ்பெஷல் நீட்ஸ்' என்ற சொல்லை ஏற்பதில்லை. எங்கள் தேவை எல்லா மனிதருக்கும் உள்ள தேவைதான், படிக்கட்டு மட்டும் கட்டி வைத்தது உங்கள் குறை என்பது அவர்கள் வாதம். அது நமக்கும் பொருந்தும் வாதம்.

தருமபுரிக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் மொரப்பூர் பக்கம் போளையம்பள்ளியில், தோட்ட வேலைக்குப் போன நம் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். காணொலி வெளியானது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி இரண்டு பெண்கள் கைதானார்கள். கொடுத்தவர் வீட்டில் டம்ளர் இல்லாமல் இல்லை. நமக்கென்று தேடி எடுத்த பாத்திரம் அது. சொல்லப்போனால் அதுவும் ஒரு ஸ்பெஷல் ஏற்பாடுதான். ஒருமுறை களப்பணிக்குப் போன இடத்தில் ஒரு டீக்கடையில் எங்களுக்கு மட்டும் பேப்பர் கப். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். கேட்டதற்கு, "உங்களுக்குத்தான் சார் ஸ்பெஷலா, சுத்தமா இருக்கட்டும்னு" என்று கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மரியாதையும் இருந்தது, ஒதுக்கலும் இருந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் சொல்ல முடிகிறது என்பதுதான் இந்தச் சொல்லின் ஆபத்து.

இனி அந்தச் சொல்லின் மறுபக்கம். நம் உரிமைகளின் சட்ட வரலாறு பெருமளவு 'ஸ்பெஷல்' என்ற சொல்லைச் சுற்றியே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் பதினாறாம் பாகத்தின் தலைப்பே சில பிரிவினருக்கான சிறப்பு வகைமுறைகள் பற்றியது. பிரிவு 46, நம் கல்வி, பொருளாதார நலன்களை அரசு 'ஸ்பெஷல் கேர்' எடுத்து வளர்க்க வேண்டும் என்கிறது. பிரிவு 338-இல் முதலில் இருந்தது ஆணையம் அல்ல, 'ஸ்பெஷல் ஆபீசர்'. பிரிவு 15(4)-இல் 'ஸ்பெஷல் ப்ரொவிஷன்' என்ற சொல் சேர்ந்த கதை நம் மாநிலத்துக் கதை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) சேர்க்கப்பட்டது. எல்லாரும் சமம் என்று எழுதினால் மட்டும் போதாது, சமமில்லாத இடத்தில் தொடங்கியவரைச் சமமான இடத்துக்குக் கொண்டுவர ஏதாவது செய்தாக வேண்டும் என்பதை அந்த இரண்டு சொற்கள் ஒப்புக்கொண்டன. இன்று நீங்கள் கல்லூரியில் வாங்கும் உதவித்தொகைக்கும் தங்கும் விடுதிக்கும் பின்னால் அந்த ஒப்புதல் இருக்கிறது.

தனித் தொகுதியின் கதை இதைவிடச் சிக்கலானது. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 'ஸ்பெஷல் தொகுதிகள்' தரப்பட்டன. அங்கே நம்மவர் மட்டுமே வாக்களித்து நம்மவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதோடு பொதுத் தொகுதியிலும் ஒரு வாக்கு உண்டு. அப்படி 71 இடங்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கரோடு நம் பக்கத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். இடங்கள் 71-இலிருந்து 148 ஆயின. ஆனால் வாக்கு எல்லாரிடமும் போயிற்று. இன்றைய அரூர் தனித் தொகுதியில் 'தனி' என்பது வேட்பாளருக்கு மட்டும்தான். வாக்காளர் பொது. நம் ஊருக்குத் தீ வைத்தவரின் வாக்கையும் கேட்டுத்தான் நம் பிரதிநிதி ஜெயிக்க வேண்டும். ஆகவே தனித் தொகுதி எம்.எல்.ஏ. ஏன் வாய் திறப்பதில்லை என்று கோபப்படுகிற தம்பி தங்கைகள், அவருடைய குணத்தோடு சேர்த்து இந்த 1932 கணக்கையும் பார்க்க வேண்டும். 'ஸ்பெஷல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டே அதன் உள்ளே இருந்த அதிகாரத்தை எடுத்துவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டாவது பாடம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஊரில் இன்னும் பழைய பழக்கத்தில் 'பி.சி.ஆர். கேஸ்' என்பார்கள். அது 1955 சட்டத்தின் பெயர். நாம் பேசுவது 1989 சட்டம். விரைவாக விசாரிக்க மாவட்டந்தோறும் ஒரு அமர்வு நீதிமன்றத்தைச் சிறப்பு நீதிமன்றமாகக் குறிப்பிட வேண்டும் என்றது அதன் 14ஆம் பிரிவு. பல இடங்களில் நடந்தது என்ன? ஏற்கெனவே நூற்றுக்கணக்கான வழக்கு பார்க்கும் நீதிமன்றத்துக்கு இன்னொரு பெயரும் சேர்ந்தது. வேலை அதேதான், வரிசையும் அதேதான். ஸ்பெஷல் என்ற சொல் உள்ளே காலியாகிப்போனது. ஆகவே 2015 திருத்தத்தில் அதன் முன்னால் 'எக்ஸ்குளூசிவ்' என்ற இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டி வந்தது: இந்தச் சட்டத்தின் வழக்குகளை மட்டுமே விசாரிக்கும் நீதிமன்றம், குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து முடிந்தவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணை. திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு சொல் பொய்யாகிவிட்டதால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு சொல்.

தாமதம் என்றால் என்ன என்று நம் மாவட்டத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அரூர் பக்கம் வாச்சாத்தி மலையாளிப் பழங்குடி மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சேர்ந்து கொடுமை நிகழ்த்தியது 1992 ஜூன் 20. தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களின் வழக்கு அங்கே வந்து சேர முப்பத்தொரு வருடம் ஆனது. அந்த வழக்கை வெல்ல வைத்தது பெயர்ப்பலகை அல்ல. அந்தப் பெண்கள் சாட்சியை மாற்றிச் சொல்லாமல் நின்றதும், அவர்களோடு நின்ற இயக்கங்களும்தான்.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் பெரிதாக எழுந்த குரல்களில் ஒன்று என்ன தெரியுமா? "இவங்களுக்கு மட்டும் எதுக்கு ஸ்பெஷல் சட்டம்? அதைத் திருத்து" என்பது. எரிந்தது நம் வீடு, கண்ணை உறுத்தியது நம் சட்டம். கல்லூரியிலும் அலுவலகத்திலும் இதே கேள்வியின் மெல்லிய வடிவத்தை நீங்கள் தினமும் கேட்பீர்கள். "உங்களுக்கென்னப்பா, எல்லாம் ஸ்பெஷலா கிடைக்குது." இதற்குக் கோபப்படுவதைவிடப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வது நல்லது.

பதில் இதுதான். ஸ்பெஷல் எல்லாம் ஒன்றல்ல. எந்த ஒரு ஸ்பெஷல் ஏற்பாட்டையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது நம்மைப் பொதுவுக்குள் கொண்டுபோகிறதா, பொதுவிலிருந்து வெளியே நிறுத்துகிறதா? விடுதி, கொட்டாங்குச்சி இரண்டுமே நமக்கென்று ஒதுக்கியவை. விடுதியில் தங்கிப் படித்த பெண் நாளை எல்லாரும் உட்காரும் அலுவலகத்தில் போய் உட்காருகிறாள். கொட்டாங்குச்சியில் குடித்தவர் நாளையும் வாசலில்தான் நிற்கிறார். உலக அளவிலும் இந்த வேறுபாட்டைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1965-இல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை, பின்தங்கவைக்கப்பட்ட குழுக்களுக்கான 'ஸ்பெஷல் மெஷர்ஸ்' பாகுபாடு ஆகாது என்கிறது. கூடவே, அவை நிரந்தரமாகத் தனித்தனி உரிமைகளை உருவாக்கிவிடக் கூடாது, நோக்கம் நிறைவேறிய பிறகு தொடரவும் கூடாது என்கிறது. நாமும் இது என்றென்றும் நீடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நோக்கம் நிறைவேறட்டும், பிறகு பேசுவோம். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி வைத்துவிட்டு 'தனி, ஆனால் சமம்' என்றார்கள். 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தனிப் பள்ளி என்பதே இயல்பில் சமமற்றது என்றது.

இந்தக் கேள்வியை அரசிடமும் கேட்க வேண்டும், நம்மிடமும் கேட்க வேண்டும். ஊர்ச் சுடுகாட்டில் இடம் மறுத்தால், அரசு செலவில் நமக்குத் தனி மயானமும் தனிப் பாதையும் சுற்றுச்சுவரும் கட்டித் தருகிறார்கள். மழையில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கி நடக்கும் குடும்பத்துக்கு அது உடனடித் தேவை. வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் சாதி கேட்ட பிரிவினையை அரசுப் பணத்தில் கல்லாகக் கட்டுவதும் அதுதான். சாதி வேறுபாடில்லாத மயானம் உள்ள கிராமங்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழ்நாடு அரசே அறிவித்திருக்கிறது. ஆகவே மனு எழுதும்போது தனிப்பாதை கேட்கிற அதே தாளில் பொது மயானத்தையும் கேளுங்கள். சமத்துவபுரம் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கீடு ஸ்பெஷல், தெரு பொது. ஸ்பெஷல் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

பணத்திலும் இதே கண்காணிப்பு வேண்டும். 1979-இல் நம் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்க வந்த திட்டத்தின் பெயர் ஸ்பெஷல் காம்பொனென்ட் பிளான், சிறப்புக் கூறு திட்டம். பின்னால் துணைத்திட்டம் என்று பெயர் மாறியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். அந்த அளவு பணம் ஒதுக்கப்படுவது ஒன்று, நம் தெருவுக்கு வந்து சேர்வது வேறொன்று. 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டிகளுக்கு இந்த நிதியைத் திருப்பிவிட்டது தவறு என்று ஒன்றிய உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2024-இல் தமிழ்நாடு இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் இருக்கும்போது கேள்வி கேட்பது எளிது. உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட முடியும். அதற்குப் பட்டம் தேவையில்லை.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஒரு சொல்லை எடுப்பதற்கும் போராட்டம் தேவைப்பட்டது. ஆனால் பலகையில் காலனியை அழித்துவிட்டு அதே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அதே வேலி இருந்தால், புதுப்பெயரும் நாளைக்குப் பழைய பெயராகிவிடும். 'தனி' என்ற சொல்லையும் அப்படித்தான் பார்க்கிறோம். தனி வட்டாட்சியரைச் சிறப்பு வட்டாட்சியர் என்று மாற்றி எழுதினால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். பட்டா கிடைத்தால் அதைவிட மகிழ்ச்சி.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். 1995 விதிகளின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பிக் கேட்டால், வழக்கை நடத்த மூத்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்த மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. இவையெல்லாம் நமக்காக எழுதப்பட்ட ஸ்பெஷல்கள். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று கேட்டு வாங்குங்கள். கூடவில்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த மனு எப்படி எழுதுவது என்று சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்.